வீட்டுத் தெருவில் எதற்கெல்லாம் இடம்? கடலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், மாமன்ற உறுப்பினர்கள், ஆணையர், நகர் ஊரமைப்பு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுப்பாளையம், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பகுதிகளின் குடியிருப்புத் தெருக்களுக்காக இதை எழுதுகிறேன். லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு போன்ற கடைவீதிகள் வேறு விஷயம். நான் சொல்வது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தெருக்கள். ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடு, அடுத்து ஒரு தனி வீடு, அதற்கடுத்து நான்கு குடித்தனம் இருக்கும் மாடி வீடு என்று நடுத்தர நெருக்கத்தில் வளர்ந்த தெருக்கள். இங்கே குடியிருப்பதைத் தவிர வேறு என்னென்ன செய்யலாம், எதற்கு நிபந்தனை உண்டு, எது கூடவே கூடாது என்று கேட்டால், தெருவில் இருக்கும் யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

விதி இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில் என்று பகுதி பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பயன்பாட்டுக்கு இடம் உண்டு என்று அவை சொல்கின்றன. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல் வீட்டைக் கிடங்காக மாற்றினாலும் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றுவதைக் கட்டுவதற்குச் சமமாகவே அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் வீடு கட்ட பிளான் அப்ரூவல் வேண்டும் என்று தெரிந்த நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வாடகைக்கு விடுகிறவருக்கும் தெரியாது, எடுக்கிறவருக்கும் தெரியாது. தொழில் உரிமம் வாங்கிவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த உரிமம் வேறு, திட்ட அனுமதி வேறு.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் நல்ல திட்டம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர், விதிப்படி கட்டுகிறேன் என்று தாமே சான்று கொடுத்து, இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் பெரிதும் குறையும். ஆனால் அப்படிக் கிடைப்பது குடியிருக்கும் வீட்டுக்கான அனுமதி. இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவும் ஒரு வழி வேண்டும். கட்டும்போது சோதனையைக் குறைத்தால், பயன்பாடு மாறும்போது கவனத்தைக் கூட்டியே ஆக வேண்டும்.

முதலில் சின்னத் தொழில்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எந்தக் கெடுபிடி வந்தாலும் முதலில் அடிபடுவது அவர்கள்தான். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிற அக்கா, கிரைண்டரில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற அம்மா, மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்ணையை ஒட்டிப் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெரியவர் எல்லோரும் இந்தத் தெருக்களின் ஆட்கள்தான். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம் பக்கம் வீட்டோடு அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல்களையும் ஆடிட்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களால் தெருவுக்குத் தொந்தரவு இல்லை. நிறைய வீடுகளில் பெண்களின் கையில் சொந்தக் காசு புரள்வதே இப்படிப்பட்ட வேலையால்தான். கணவர் இறந்தபின் மாவு விற்றுப் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒரு நோட்டீஸ் வந்தால் பதில் எழுதத் தெரியாமல் கடையை மூடிவிடுவது அவர்கள்தான், பெரிய கிடங்குக்காரர் அல்ல.

ஆகவே வீட்டில் குடியிருப்பவரே நடத்தும் சிறு தொழிலுக்கு இத்தனை சதுர அடி வரை, வெளியாள் இத்தனை பேர் வரை, தனி அனுமதி தேவையில்லை என்று பட்டவர்த்தனமாக எழுதி ஒட்டுங்கள். மின்வாரியம் இப்படிச் செய்துதான் வைத்திருக்கிறது. வீட்டோடு சேர்ந்த ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக் கட்டணமே போதும் என்பது அவர்கள் விதி. அளவு தெளிவாக இருப்பதால் ஊழியருக்கும் சங்கடம் இல்லை, வீட்டுக்காரருக்கும் பயம் இல்லை.

அப்புறம் மற்ற வகை. வீடாக இருந்த இடம் டைல்ஸ் கிடங்காகிறது. விடியற்காலை லாரி ரிவர்ஸில் வந்து சரக்கு இறக்குகிறது. காலி மனையில் வெல்டிங் பட்டறை வருகிறது. மொட்டை மாடியில் கூரை போட்டு மினி ஹால் ஆக்குகிறார்கள். விசேஷ நாளில் ஜெனரேட்டரும் மைக்செட்டும் சேர்ந்துகொள்ள, ஆம்புலன்ஸ் நுழைய முடியாதபடி இருபுறமும் வண்டிகள் நிற்கின்றன. இன்னொன்று, பார்ப்பதற்குச் சாதாரணக் கடை போலவே இருக்கும் கேன் தண்ணீர் ஆலை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாள் முழுக்க இறைத்து, சுத்திகரித்தது போக மிஞ்சும் உவர்நீரைச் சாக்கடையில் விடுகிறது. நம்முடையது கடலோர ஊர். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் நிலத்தடியில் ஏறும், பக்கத்து வீடுகளின் அடிபம்பில் உப்புக் கரிக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் எளிதில் இறங்காது.

இதனால்தான் கடை, பட்டறை, ஹால் என்று தொழிலின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வது போதாது என்கிறேன். அதே மளிகைக் கடை பத்துக்குப் பத்து அறையில் இருந்தால் தெருவுக்கு வசதி. மூன்று வீடுகளை இடித்துச் சேர்த்துக் கட்டினால் தெருவின் குணமே மாறிவிடும். எவ்வளவு இடம், எத்தனை மணி வரை, எந்த அளவு வண்டி வரும், எவ்வளவு தண்ணீர் எடுக்கும், கழிவு எங்கே போகும், என்ன சத்தம் என்று கேட்டுத்தான் அனுமதியைத் தீர்மானிக்க வேண்டும். சத்தத்துக்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு அது 65, 55. இதை அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக எழுதிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்குப் போகாமல் அந்தக் காகிதத்தைக் காட்டிப் பேசலாம்.

விடுதிகளையும் மேன்ஷன்களையும் நான் எதிர்க்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் எங்கே தங்குவார்கள்? குடியிருப்புத் தெருவில் தங்குவதுதான் முறை. ஆனால் நான்கு குடித்தனத்துக்குக் கட்டிய கழிவுநீர்த் தொட்டியை நாற்பது பேர் பயன்படுத்தினால் மழைக்காலத்தில் வழிவது நிச்சயம். கெடிலமும் பெண்ணையாறும் பெருகும்போது இந்த ஊரில் தண்ணீர் எங்கெல்லாம் நிற்கும் என்று 2015-லும் 2024 டிசம்பரிலும் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் கழிவும் கலந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆள் எண்ணிக்கைக்கும் தொட்டியின் அளவுக்கும் கணக்குப் பார்த்து அனுமதி கொடுங்கள்.

விதியை இறுக்கினால் லஞ்சம்தான் பெருகும் என்று சிலர் சொல்வார்கள். விதி மங்கலாக இருக்கும்போதுதான் புரோக்கருக்கு வேலை அதிகம் என்பது என் எண்ணம். எது கூடும், எது கூடாது என்று பெட்டிக்கடைக்காரருக்கே தெரிந்துவிட்டால் அவரிடம் யார் பணம் கேட்க முடியும்?

கேட்பது பெரிய செலவில்லாத காரியங்கள்தான். 45 வார்டுகளிலும் அந்தந்த வார்டின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை, தெருப் பெயர்களோடு, தமிழில், பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் வையுங்கள். பக்கத்திலேயே அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளின் பட்டியல் இருக்கட்டும். ஒரு வீட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பம் வந்தால், அந்த வீட்டு வாசலில் ஒரு பலகை வைத்து, அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லப் பதினைந்து நாளாவது கொடுங்கள். பெரும்பான்மை சொன்னபடி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை; அப்படிச் செய்தால் வேண்டாதவரின் தொழிலைத் தடுக்க அது ஆயுதமாகிவிடும். சொன்ன காரணத்துக்கு எழுத்தில் பதில் கிடைத்தால் போதும்.

ஏற்கெனவே நடக்கும் பட்டறைகளையும் கிடங்குகளையும் ஒரே நாளில் பூட்டச் சொல்லவும் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களும் நம் ஊர்க்காரர்கள். முறைப்படுத்த முடிந்தவற்றுக்கு நிபந்தனை போடுங்கள். முடியாதவை வெளியே மாற நியாயமான கால அவகாசமும், மாறிப் போக ஓர் இடமும் காட்டுங்கள். இடம் காட்டாமல் நோட்டீஸ் மட்டும் கொடுத்தால் அவர்கள் அடுத்த தெருவுக்குத்தான் போவார்கள்.

வரும் மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து, சோதனைக்கு ஒரு வார்டில் தொடங்க வேண்டுகிறேன். அது புதுப்பாளையமாக இருந்தால், தெருவாரியாக எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்கள் ஊழியர்களோடு சேர்ந்து குறித்துத் தர எங்கள் தெருக்காரர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
புதுப்பாளையத்தில் குடியிருக்கும் ஒரு வரி செலுத்துநர்