தாய்லாந்து அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாங்காக், 31 டிசம்பர் 2008

மாண்புமிகு நீதிபதிகள் அவர்களுக்கு,

வணக்கம். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்து கல் வியாபாரம் செய்யும் தமிழன் நான். இந்நாட்டில் எனக்கு வாக்குரிமை இல்லை. உங்கள் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் தகுதியும் இல்லை. ஆனால் என் பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்து இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். இந்த நாடு அமைதியாக இருக்க வேண்டும் என்று தினமும் கோயிலில் வேண்டிக்கொள்ளும் அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். எனக்கு வழுவில்லாமல் எழுதத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றுதான். தாய்லாந்து மொழியில் இதைப் பெயர்த்து உங்கள் அலுவலகத்தில் சேர்ப்பிக்க என் மூத்த மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

நேற்று புதிய பிரதமர் அபிசிட் வெஜ்ஜாஜீவா தம் அரசின் கொள்கை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வாசிக்க முடியாமல், வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில் வாசித்தார். நாடாளுமன்ற வாயிலை, கவிழ்ந்த அரசின் ஆதரவாளர்களான செஞ்சட்டைக்காரர்கள் அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். கடந்த அக்டோபர் 7 அன்று அதே வாயிலை, அந்த அரசை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்கள் அடைத்தார்கள். அன்று இரண்டு உயிர்கள் போயின, நானூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள், அப்போதைய பிரதமர் சோம்சாய் வோங்சவாட் பின்பக்க வேலியைத் தாண்டித்தான் வெளியேற முடிந்தது. மூன்று மாதத்துக்குள் இரண்டு அரசுகள் தங்கள் சொந்த நாடாளுமன்றத்தின் வாசற்படியை ஒழுங்காக மிதிக்க முடியாமல் போன ஊரில் நாங்கள் குடியிருக்கிறோம். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் இருப்பது, சோம்சாயின் ஆளுங்கட்சியான மக்கள் சக்திக் கட்சியைக் கலைத்த உங்களுடைய டிசம்பர் 2 தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். குற்றம் செய்தவரைத் தண்டியுங்கள்; அவரோடு சேர்த்துக் கட்சியைக் கலைக்காதீர்கள்.

வழக்கின் விவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. மக்கள் சக்திக் கட்சியின் துணைத் தலைவர் யோங்யூத் தியாபைராட், 2007 டிசம்பர் தேர்தலில் சியாங் ராயில் வாக்குகளை வாங்க முயன்றார் என்று உச்ச நீதிமன்றம் இந்த ஆண்டு ஜூலையிலேயே தீர்ப்பளித்து, ஐந்தாண்டுகள் அவரை அரசியலிலிருந்து விலக்கியது. குற்றமும் முடிந்தது, தண்டனையும் முடிந்தது. அதற்குப் பிறகும், நிர்வாகி ஒருவரின் தேர்தல் குற்றத்துக்காகக் கட்சியையே கலைக்க வழிவிடும் அரசியலமைப்பின் 237ஆம் பிரிவைக் கொண்டு அவருடைய கட்சியையும், அதே போன்ற வழக்கில் சார்ட் தாய், மச்சிமா ஆகிய கூட்டணிக் கட்சிகளையும் ஒரே நாளில் கலைத்தீர்கள். நிர்வாகிகள் 109 பேருக்கு ஐந்தாண்டுத் தடை. சென்ற ஆண்டு, மக்கள் சக்திக் கட்சிக்கு முன்னோடியான தாய் ரக் தாய் கட்சி கலைக்கப்பட்டபோது தடைபெற்ற 111 பேரை ஒரே வீட்டுக்காரர்கள் போல ‘111ஆம் எண் வீடு’ என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இப்போது 109ஆம் எண்ணிலும் ஒரு வீடு எழும்பிவிட்டது. எய்தவனைத் தண்டித்த பிறகு, வில் செய்த தச்சனையும் அவன் தெருவையும் சேர்த்துத் தண்டிப்பது எந்த முறை?

எங்கள் தெரு முனையில் உள்ள சலவைக் கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ‘பா’ என்றுதான் தெருவில் எல்லோரும், என் மனைவி உட்பட, அவரை அழைக்கிறோம். பெரியம்மா என்று பொருள். புரிராம் மாகாணத்துக்காரர். பதினைந்து ஆண்டுகளாகப் பாங்காக்கில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தாலும், ஈசான் எனப்படும் வடகிழக்குப் பகுதி மக்கள் பெரும்பாலோரைப் போல அவருடைய வீட்டுப் பதிவேடு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது. ஆகவே வாக்கும் அங்கேதான். 2007 டிசம்பர் 22 சனிக்கிழமை இரவு மோ சிட் பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, இடம் கிடைக்காமல் பாதித் தூரம் பேருந்தின் நடைபாதையில் உட்கார்ந்து, நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாக்களித்துவிட்டு, அன்றிரவே திரும்பித் திங்கட்கிழமை விடியலில் இஸ்திரிப் பலகையின் முன் வந்து நின்றார். ஒரு நாள் கூலியும் இரண்டு பயணக் கட்டணமும் போயின. அந்த வாக்கின் விலை அவருக்குத் தெரியும். அவரே கையிலிருந்து கொடுத்த விலை அது.

அவர் வாக்களித்த கட்சி 480 இடங்களில் 233ஐ வென்று ஆட்சி அமைத்தது. பதினொரு மாதங்களில் கட்சி இல்லை. கட்சி கலைந்தபின் உறுப்பினர்கள் வேறு கட்சியில் சேர்ந்துகொள்ளலாம் என்பது விதி. அப்படிப் பிரிந்து போன ஒரு பிரிவினரின் கைகளும் உயர்ந்ததால்தான் டிசம்பர் 15 அன்று 235க்கு 198 என்ற கணக்கில் அபிசிட் பிரதமரானார். பாவின் தொகுதியில் வென்றவரும் அந்தப் பிரிவில் ஒருவர். யாரை வரவேண்டாம் என்று நினைத்து அந்த அம்மாள் இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து போனாரோ, அந்த அபிசிட்டுக்கே பாவின் வாக்கு போய்ச் சேர்ந்தது. “நான் போட்ட சீட்டை எடுத்து வேறு பெட்டியில் போட்டுவிட்டார்களே” என்று என் மனைவியிடம் அவர் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. வாக்கை விற்ற குற்றத்தை விசாரித்தீர்கள். விற்காத வாக்கு பறிபோனதை எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது என்று அவர் கேட்கிறார், ஐயா.

அவருடைய கஷ்டம் இத்தோடு நிற்கவில்லை. நவம்பர் 25 அன்று மஞ்சள் சட்டைக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் புகுந்தார்கள். அடுத்து நகரின் இன்னொரு விமான நிலையமான டான் முயாங்கும் மூடியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கித் தவித்தார்கள். அதன்பின் ஓட்டல் அறைகள் காலியாகின. காலியான அறைக்கு விரிப்பு எதற்கு? சலவைக் கூடத்தில் ஆறு பேரில் மூவரை நிறுத்திவிட்டார்கள். பாவுக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலை. நீங்கள் தீர்ப்பளித்த மறுநாளே முற்றுகை விலகியது. அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று விமான நிலையத்தைப் பிடித்தவர்கள், அரசு கவிழ்ந்ததும் வெற்றி முழக்கத்தோடு வீடு திரும்பினார்கள். அதைத் தெருவில் நின்று பார்த்த செஞ்சட்டைக்காரர் என்ன கற்றுக்கொண்டிருப்பார் என்பதை நேற்று நாடாளுமன்ற வாயிலில் பார்த்தோம்.

இங்கேதான் என்னைப் போன்ற சாதாரணமானவர்களுக்கு மனம் ஆறவில்லை. தீர்ப்பு நாளன்று உங்கள் நீதிமன்றத்தைச் செஞ்சட்டைக்காரர்கள் சூழ்ந்துகொண்டதால், நிர்வாக நீதிமன்றத்துக்கு இடம் மாற்றி அமர்ந்தீர்கள். காலையில் நிறைவுரை கேட்டீர்கள், நண்பகல் வாக்கில் மூன்று கட்சிகளின் ஆயுளும் முடிந்தது. ஆகஸ்ட் 26 முதல் அரசு மாளிகையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் மீதும் விமான நிலையத்தை முடக்கியவர்கள் மீதும் உள்ள வழக்குகளில் அந்த வேகத்தில் ஒரு பங்கையாவது பார்க்க முடியவில்லை. அவற்றை விசாரிப்பது உங்கள் பொறுப்பல்ல என்பதை அறிவேன். ஆனாலும் மக்கள் நீதிமன்றங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. செப்டம்பரில், தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பணம் பெற்றதற்காகப் பிரதமர் சமக் சுந்தரவேட்டைப் பதவியிறக்கியபோது ‘பணியாளர்’ என்ற சொல்லின் பொருளை அகராதியைப் புரட்டி விரிவாக்கினீர்கள். ஒரு சொல்லின் பொருளை விரிக்க முடிந்த உங்களுக்கு, ஒரு பிரிவின் பொருளைச் சுருக்க முடியாமல் போனது ஏன்? சட்டம் வேறு வழி விடவில்லை என்கிறீர்கள். 2006 செப்டம்பர் 19 இராணுவப் புரட்சிக்குப் பின், புரட்சியாளர்கள் அமர்த்திய அவை எழுதிய சட்டம் அது. எழுதியவர்களின் அச்சம் அதன் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு லட்சக்கணக்கான வாக்காளர்கள் விலை கொடுக்க வேண்டுமா?

என் எழுத்து சூடேறிவிட்டதை உணர்கிறேன். மன்னிக்க வேண்டும். நீதிமன்றத்தை அவமதிப்பது என் நோக்கமல்ல. வாக்கை விலைக்கு வாங்குவது சிறு குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் ஏழையின் கையில் நோட்டைத் திணிப்பவர் யாராக இருந்தாலும், எந்த நிறச் சட்டை போட்டிருந்தாலும், சிறைக்கே போகட்டும். மக்கள் சக்திக் கட்சியின் தலைவர்கள்மீது எனக்குத் தனிப்பட்ட பற்றும் இல்லை. அவர்களின் ஆட்சி எப்படியிருந்தது என்பதை அடுத்த தேர்தலில் பாவைப் போன்றவர்கள் முடிவு செய்திருப்பார்கள். அந்த வாய்ப்புத்தான் அவர்களிடமிருந்து போய்விட்டது.

ஆகவே, மிகுந்த பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படியொரு வழக்கு உங்கள் முன் வரும்போது 237ஆம் பிரிவைக் குற்றம் செய்தவர் அளவிலும், அதை அறிந்தே உடந்தையாக இருந்தவர்கள் அளவிலும் நிறுத்திப் பொருள் கொள்ளுங்கள். அது இயலாது என்றால், இந்தப் பிரிவு திருத்தப்பட வேண்டும் என்று உங்கள் தீர்ப்பிலேயே ஒரு வரி எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் எழுதினால் இரண்டு நிறச் சட்டைக்காரர்களும் படிப்பார்கள்.

ஜனவரி 11 அன்று, தடைபெற்றவர்களின் தொகுதிகளில் இடைத்தேர்தல் நடக்கிறது. அதற்கு முன்பே இந்த மடல் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதால், விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் முதல் நாளே என் மகள் இதை நேரில் கொண்டுவந்து தருவாள். அன்புகூர்ந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
சீலோம் சாலையில் குடியிருக்கும் ஒரு கல் வியாபாரி