தோண்டாத எண்ணெயைப் பிணையாக ஏற்காதீர்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கு வணக்கம்.

எண்ணெய் மணலைத் தோண்டும் கேர்ல் சுரங்கத்தில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். 2022 மே மாதத்தில் நிறம் மாறிய நீர் தென்பட்டதாக முதல் தகவல் மட்டும் தரப்பட்டது. அது கழிவுக் குட்டையின் கசிவு என்பதும், அங்கேயே 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வழிந்துவிட்டது என்பதும், அதபாஸ்கா ஆற்றின் கீழ்ப்புறம் ஃபோர்ட் சிபவையானில் வாழும் பழங்குடி மக்களுக்கு 2023 பிப்ரவரியில்தான் தெரியவந்தன. இடைப்பட்ட ஒன்பது மாதங்களும் அவர்கள் அந்த நிலப்பகுதியில் வேட்டையாடி, கிடைத்ததைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். எதை உண்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்யும் உரிமைகூட அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. தங்கள் அப்போதைய தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் உண்டது உண்டதுதான்.

என் கோரிக்கை ஒன்றே: தோண்டிய நிலத்தைச் சீரமைக்க நிறுவனங்கள் முன்கூட்டியே கட்ட வேண்டிய முழுப் பிணைத்தொகையையும் இப்போதே பணமாகப் பெறுங்கள்.

இன்றைய விதிப்படி, ஒரு நிறுவனத்தின் சொத்து மதிப்பு அதன் சீரமைப்புப் பொறுப்பைப்போல் மும்மடங்கு இருந்து, தோண்டி எடுப்பதற்கான எண்ணெய் இருப்பு 15 ஆண்டுகளுக்குக் குறையாமலும் இருந்தால், அது அடிப்படைத் தொகைக்கு மேல் பிணை கட்ட வேண்டியதில்லை. அந்தச் சொத்தில் பெரும்பங்கு மணலோடு கலந்து இன்னும் தோண்டப்படாமல் கிடக்கும் பிட்டுமென் என்ற கெட்டியான எண்ணெய்தான். மண்ணுக்குள் சுமார் 1.8 லட்சம் கோடி பீப்பாய் இருந்தாலும், இன்றைய தொழில்நுட்பத்தில், இன்றைய விலையில் எடுக்கத்தக்கது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. இரண்டு டன் மணலை அள்ளி வெந்நீரில் அலசினால் ஒரு பீப்பாய் கிடைக்கும். விலை இறங்கினால் அந்த உழைப்பு கட்டுபடியாகாது, 'இருப்பு' என்ற எண்ணும் சுருங்கிவிடும். இதே கேர்ல் சுரங்கத்தின் சுமார் 350 கோடி பீப்பாயை 2016 ஆண்டிறுதிக் கணக்கில் அதன் உரிமையாளர்களில் ஒன்றான எக்ஸான்மோபில் தன் உறுதிசெய்யப்பட்ட இருப்பிலிருந்து நீக்கியது. மண்ணில் ஒரு பீப்பாயும் குறையவில்லை, விலைதான் குறைந்தது.

அப்படிப்பட்ட கணக்கை நம்பியா ஓர் ஆற்றையும் அதன் கரை மக்களையும் விட்டுவைப்பது? 2014 இறுதியில் 2,080 கோடி டாலர் சீரமைப்புப் பொறுப்புக்குக் கையில் இருந்த பிணை 157 கோடி டாலர் மட்டுமே என்று மாகாணத் தலைமைத் தணிக்கையாளரே சுட்டிக்காட்டினார். எண்ணெய் தீரும் காலத்தில் நிறுவனத்தின் வருவாயும் தீரும். அப்போது கேட்டால் யார் தருவார்கள்?

விதியை வகுப்பது மாகாண அரசு என்பதை அறிவேன். அதைச் செயற்படுத்தும் தாங்கள் அதை மாற்றும்படி வெளிப்படையாகப் பரிந்துரைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு சுரங்கமும் முழுப் பிணைத்தொகையைக் கட்டி முடிக்க வேண்டிய கெடுவை ஃபோர்ட் சிபவையான் மக்களுக்கு நேரில் தெரிவிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கனடாவில் வாழும் ஒரு தமிழர்