பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். நான் அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் நீ கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டுகிறாய். கட்டைவிரலோடு எத்தனை நாள் பேசுவது என்றுதான் தாளை எடுத்தேன். அக்காவைக் கேட்டால், உனக்கு வேலை அதிகம் என்கிறாள். வேலை அதிகமாக இருந்தால் நல்லதுதான், அப்படியே இருக்கட்டும்.

எழுத வந்தது வீட்டுச் செலவைப் பற்றி. பள்ளி விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோதே சொல்லியிருக்கலாம். மருமகள் முன்னிலையில் சொன்னால் மாமியார் குறை கண்டுபிடித்ததாக ஆகிவிடும். தனியாகச் சொல்லலாம் என்றால், நீ எந்நேரமும் தொலைபேசியோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். யாரோடு அவ்வளவு நேரம் தாழ்ந்த குரலில் பேசினாய் என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

முதலில் ஏர்கோன். கூடத்தில் ஒருவரும் இல்லாதபோதும் அது 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி சின்னவளோ அறைக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கோலாலம்பூர் வெயிலில் கம்பளி போர்த்திக்கொள்வதற்காகக் காசு கட்டுகிற குடும்பம் நம்முடையதாக இருக்கும் என்று சொன்னால் உன் அப்பா நம்பியிருக்க மாட்டார். நீ பொறியியல் படித்தவன், உனக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உனக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 800 வாட் இழுக்கிறது. மேலே தொங்கும் விசிறிக்கு 60 வாட் போதும். இரவெல்லாம் சுற்றினாலும் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஏர்கோனை அடியோடு நிறுத்து என்று நான் சொல்லவில்லை. 24-இல் வைத்து, கூடவே விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்குப் போதுமான குளிர்ச்சி தெரியும். உள்ளே இருக்கும் வலைத் தட்டை மாதத்திற்கு இரண்டு முறையாவது கழற்றி, குழாயடியில் பிடித்துக் கழுவிக் காயவைத்து மாட்டு. உன் வீட்டில் நான் நாற்காலி போட்டு ஏறிக் கழற்றிப் பார்த்தபோது, தூசி படிந்து அது சாம்பல் நிறத் துணிபோல இருந்தது. அப்படி அடைத்துக்கொண்டால் இயந்திரம் காற்றை இழுக்கத் திணறும். அந்தத் திணறலும் உன் பில்லில்தான் ஏறும்.

அடுத்தது குளியலறை ஹீட்டர். அதன் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன்: 3,600 வாட். பத்து நிமிடம் திறந்துவிட்டுக் குளித்தால் 0.6 யூனிட், அதாவது இரவு முழுவதும் விசிறி சுற்றியதைவிட அதிகம். நம் ஊரில் மாலை நேரத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற நாளில் அதன் சுவிட்சை அணைத்தே வையுங்கள். 2025 ஜூலையில் மின்கட்டண முறை மாறியபோது, மாதம் 600 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு பில்லில் மாதாமாதம் சேர்க்கும் 10 ரிங்கிட் 'ரீட்டெய்ல்' கட்டணம் இல்லை என்றும், 1,000 யூனிட் வரை எரிக்கும் வீடுகளுக்கு, எவ்வளவு குறைவாக எரிக்கிறோமோ அதற்கேற்பக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்றும் அறிவித்தார்கள் அல்லவா? உன் வீடு அந்த 600-க்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பில்லைப் பார்த்தால் உனக்குத் தெரியும்.

பில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உன் அடையாள அட்டையில் இன்னும் இந்த வீட்டு முகவரியே இருப்பதால், உன் பெயருக்கு வரும் வங்கி உறைகள் இங்குதான் வந்து சேருகின்றன. நான் பிரிக்கவில்லை, பிறர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் இந்த வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை. அப்பாவின் மேசை இழுப்பறையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். விளம்பரமாகத்தான் இருக்கும்.

ஐஸ் பெட்டிக்கு வருகிறேன். காய்கறித் தட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு கட்டுக் கீரை, வாங்கி வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அழுகித் தண்ணீராகிக் கிடந்தது. அதன் அடியில் தேங்காய்ப்பால் பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் பாதி மிச்சம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிக் கிளிப்பு. கதவின் பக்கவாட்டில் பொட்டலச் சாப்பாட்டோடு வந்த சாஸ் உறைகள் ஒரு கைப்பிடி. இதெல்லாம் காசு, தம்பி. வாரத்திற்கு ஒரு முறை பேரங்காடியில் தள்ளுவண்டி நிறைய வாங்குவதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சந்தைக்குப் போய் அளவாக வாங்குவது மேல். கீரையை வந்தவுடன் வேரை நறுக்கி, செய்தித்தாளில் சுற்றி வை. நான்கு நாள் தாங்கும். மிஞ்சிய தேங்காய்ப்பாலை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவிட்டால், வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துக் குழம்பில் போடலாம். கதவின் ரப்பரையும் பார். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழு. எளிதாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போகிறது என்று பொருள்.

வீணான சாப்பாடு காசோடு போய்விடுவதும் இல்லை. கோலாலம்பூர்க் குப்பை லாரி ஏறி உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் குப்பை நிலத்துக்குப் போகிறது. அங்கே மண்ணுக்குள் காற்றுப் படாமல் அழுகும் உணவிலிருந்துதான் மீத்தேன் வாயு கிளம்புகிறது. எங்கள் தீவுக் குப்பையும் கடல் தாண்டி, நான் பிறந்து வளர்ந்த நிபோங் திபால் பக்கம், பூலாவ் பூரோங்கில்தான் கொட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பற்றிப் பல நாள் புகைந்தது உனக்கு நினைவிருக்கும். சித்தி வீட்டில் சன்னலைத் திறக்க முடியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாள். நாம் ஓரிடத்தில் எறிவதை வேறோர் ஊரில் யாரோ மூச்சில் இழுக்கிறார்கள். உங்கள் பகுதியில் 2015 செப்டம்பர் முதலே குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். உன் கொண்டோ அடுக்குமாடியில் எல்லாவற்றையும் ஒரே குப்பைக் குழாயில் தள்ளிவிடுகிறீர்கள். காவலாளியைக் கேட்டேன், கீழே நான்கு நிறத் தொட்டிகள் இருக்கின்றனவாம். லிஃப்டில் இறங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மருமகளைக் குறை சொல்வதாக நினைக்காதே. அந்தப் பெண்ணுக்குச் சுற்றுச்சூழல் மீது உண்மையான அக்கறை இருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சமையலறை அலமாரியைத் திறந்தால் துணிப்பைகள் சரிந்து என் தலையில் விழுகின்றன. மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், கண்ணாடி டப்பாக்கள், இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று. பழைய பிளாஸ்டிக் டப்பா உடையாமல் இருக்கும்போது அதை எறிந்துவிட்டுக் கண்ணாடி டப்பா வாங்கினால், எறிந்ததும் குப்பை, வாங்கியதும் செலவு. துணிப்பை பல நூறு முறை கடைக்குப் போய் வந்தால்தான் அதற்காகச் செலவான பருத்திக்கும் தண்ணீருக்கும் நியாயம் கிடைக்கும். பினாங்கில் 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை கிடையாது என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் பைக்கு 20 காசு என்று ஆக்கியபோது, உன் அப்பா புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. பழைய லுங்கியைக் கிழித்து இரண்டு பை தைக்கச் சொன்னார். அதில் ஒன்று இன்றும் சந்தைக்குப் போய் வருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இட்ரிஸ் அவர்கள் பேசும் கூட்டம் என்றால் அப்பா தவறாமல் போய் வருவாரே, அந்தப் பழக்கம் அது.

நீயும் அப்படி இருந்தவன்தான். ஆண்டு முடிந்ததும் பழைய நோட்டுப் புத்தகங்களில் எழுதாத பக்கங்களைக் கிழித்துக் கோணி ஊசியால் தைத்து, அடுத்த ஆண்டுக்குக் கணக்கு நோட்டாக்கிக்கொள்வாய். ஆசிரியர் அறையில் அதைக் காட்டி நான் பெருமைப்பட்டிருக்கிறேன். முதல் சம்பளத்தில் எனக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கித் தந்தாய். அது இன்னும் ஓடுகிறது, கடைசியாக அலசிய தண்ணீரைப் பிடித்துத்தான் முன்வாசல் கழுவுகிறேன். அந்தப் பிள்ளை இப்போது மாலை நான்கு மணிக்கு ஒரு கோப்பை தேநீரைத் தொலைபேசியில் சொல்லி வரவழைக்கிறான். தேநீர், விநியோகக் கட்டணம், ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு மூடி, ஒரு உறை. வீட்டில் அடுப்பு இருக்கிறது, தூள் இருக்கிறது. மாதம் முடிந்ததும், "பிறகு கட்டலாம்" என்று அந்தச் செயலியே கடன் கொடுக்கிறதாம். சின்னவளுக்குக்கூட அது தெரிந்திருக்கிறது. தைப்பிங் மாமா கதை உனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

தண்ணீரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகக் குழாயை நிறுத்தியபோது நானும் வாளிகளோடுதான் இருந்தேன், எனக்கு அது தோட்டத் தொழிலாளர் லயத்தில் பழகியது. அரிசி கழுவிய முதல் தண்ணீரை உன் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்று. இங்கு பழத்தோலை வீணாக்காமல், வீடு துடைக்க நொதித் திரவமும் போடுகிறேன்: ஒரு பங்கு நாட்டுச் சர்க்கரை, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் புட்டியில் மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அது கடலையும் வானத்தையும் சுத்தம் செய்யும் என்று இங்கே சிலர் சொல்வதையெல்லாம் நான் நம்பவில்லை. தரை துடைக்கிறது, அடுப்படிப் பிசுக்கு கொஞ்சம் போகிறது. கடையில் வாங்கும் திரவத்தின் செலவு மிச்சம்.

கோவில் கமிட்டியில் ஒருவருடைய மகனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கடன் அட்டை, கார், தனிநபர் கடன் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்ததாம். 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்திற்குப் போனானாம். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. வரவு செலவைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய அளவுக்கு மாதத் தவணையை மாற்றி அமைத்துத் தருகிறார்கள். போனவனை யாரும் தாழ்வாகப் பேசவில்லை, அவன் இப்போது தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறான். உனக்காகச் சொல்லவில்லை. செய்தியாகச் சொல்கிறேன்.

என் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் செலவாவதில்லை. சந்தைக்கு நடந்தே போகிறேன், முருங்கை வாசலிலேயே இருக்கிறது, புடவை வாங்கி நாளாயிற்று, வாங்கும் தேவையும் இல்லை. மிஞ்சுவது வங்கியில் சும்மா கிடக்கிறது. அக்காவுக்கு அது தேவைப்படாது, அவளே சொல்லிவிட்டாள். வீட்டுக்கு ஏர்கோன் பொருத்திக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கிறாள், எனக்கு வேண்டாம்.

ஏர்கோனை 24-இல் வை. ஹீட்டரை அணைத்து வை. கீரையைச் செய்தித்தாளில் சுற்று. சொன்னதையே சொல்கிறேன் என்று சிரிக்காதே, சொன்னதைக் கேட்டிருந்தால் நான் ஏன் திரும்பச் சொல்லப்போகிறேன்?

இந்த மாத மின்கட்டண பில்லைப் படம் பிடித்து அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம், பில் வேண்டும். பிறகு ஒரு சனிக்கிழமை நீ மட்டுமாவது வா. காரை எடுக்காதே; டோல், பெட்ரோல், தூக்கமின்மை, மூன்றும் உனக்கு வேண்டாம். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், ரயில் நிலையத்தை அடுத்தே ஃபெரி. வழிச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே டப்பாவில் கட்டிக்கொள். வரும்போது அலமாரியில் இருக்கும் துணிப்பைகளில் பாதியைக் கொண்டு வா, அன்னதானத்துக்குக் காய்கறி வாங்கக் கோவிலில் கேட்கிறார்கள். அந்த உறைகளை நாம் இருவரும் உட்கார்ந்து பிரிப்போம். விளம்பரமாக இருந்தால் பின்பக்கத்தைச் சின்னவள் படம் வரைய எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா