மூன்று வாரம் வந்து தங்கிப் பார், சாந்தி

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. "வயசான காலத்தில் ஒன்றாகச் சேர்ந்து குடியிருக்க ஆள் கிடைத்தார்களா?" என்று நீ கேட்ட ஒரே கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நாள் தேவைப்பட்டது. முதலில் வீட்டுச் செய்தி. மருமகளுக்கு ஏழாம் மாதம், பெங்களூரிலேயே பிரசவம் பார்க்கலாம் என்கிறார்கள். என் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிதான் மெதுவாக ஏற வேண்டியிருக்கிறது. உன் அண்ணனின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நாம் இருந்த அந்த லைன் வீடு ஞாபகம் இருக்கும். எட்டுக் குடித்தனம், ஒரு முற்றம், ஒரே அடிபம்பு. விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் வரும், குடங்கள் வரிசையில் நிற்கும், யாராவது பிரசவத்துக்குப் போயிருந்தால் அவர்கள் வீட்டுக் குடத்தை யார் என்று இல்லாமல் யாரோ நிரப்பி வைத்துவிடுவார்கள். சண்டையும் வரும், வராமல் இல்லை. ஆனால் அங்கே யாரும் தனியாக நோயில் கிடந்ததில்லை. அவர் போன பிறகு இந்த இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முற்றம்தான் கண்ணுக்குள் வருகிறது. வயசான காலத்தில் ஒத்த மனசுள்ள நாலைந்து குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும், தனித்தனிச் சமையலறை இருந்தாலும் ஒரு பொது அடுப்பும் ஒரு முற்றமும் வேண்டும் என்று நாம் பேசியது வெறும் ஆசைப் பேச்சு இல்லை, சாந்தி. டென்மார்க்கில் 1972லேயே 27 வீடுகள் சேர்ந்து இப்படி ஒரு குடியிருப்பு கட்டிக்கொண்டார்கள். அவரவருக்குத் தனி வீடு, நடுவில் எல்லாருக்குமான ஒரு வீடு, சேர்ந்து சமைக்க, சேர்ந்து சாப்பிட. படித்தபோது நம் லைன் வீட்டைத்தான் யாரோ நல்ல காற்றோட்டத்தோடு, வீட்டுக்கு ஒரு கக்கூசோடு கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

போன ஆடியிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கூடினோம். முதல் கூட்டத்துக்குப் பதினாலு பேர் வந்தார்கள். எல்லாருமே அழகாகப் பேசினார்கள். இயற்கை, எளிமை, பகிர்ந்து வாழ்வது என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் முடித்தார். எனக்கு அன்றைக்கு இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் பொதுச் சமையல் பேச்சு வந்தது. காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது மீன் இல்லாமல் எப்படி என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் அந்தப் பாத்திரம் என் கண்ணிலேயே படக்கூடாது என்றார். அதுகூடப் பெரிதில்லை, பேசித் தீர்க்கிற விஷயம். காந்தி 1910ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பித்தபோது அங்கே தமிழர், தெலுங்கர், குஜராத்திகள், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எல்லாரும் இருந்தார்கள், ஒரே சமையலறை. இறைச்சி வேண்டுமென்றால் ஏற்பாடு செய்யத் தயாராகத்தான் இருந்தார், ஆனால் அங்கிருந்த பெண்களிடம் மனம்விட்டுப் பேசியபோது சைவச் சமையலுக்கு அவர்களே சம்மதித்தார்கள். கேட்டுத்தான் முடிவெடுத்தார், அதுதான் எனக்குப் பிடித்தது.

என்னை உடைத்தது வேறு. அந்தக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, முதல் நாள் பகிர்ந்து வாழ்வதைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசிய அதே மனிதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வருகிறவர்கள் எல்லாம் நம்ம ஆளுங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. அப்படி ஒரு கேள்விக்கு இங்கே இடமில்லை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரோடு இன்னும் நாலு பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். வள்ளலார் நம் ஏழுகிணற்றில் வாழ்ந்தவர், அப்புறம் 1867ல் வடலூரில் தருமசாலை ஆரம்பித்து, பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் சோறு போட்டார், அந்த அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு நான் சாதி பார்த்து அடுப்பு மூட்டுவேனா, சொல்லு.

அதிலிருந்துதான் எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. ஒத்த கருத்து உள்ளவர்களை நான் பேச்சை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. எங்கள் கட்டடத்து மாடியில் கேஸ் அடுப்பை ஏற்றி ஒரு பெரிய அண்டாவில் அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கினோம், ஐம்பது அறுபது பேர் சாப்பிட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, போட்டோ எடுத்து, பேசிச் சிரித்து இறங்கிப் போய்விட்டார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்ப மேலே போனால், எதிர் வீட்டில் தையல் வேலை செய்கிற அக்கா, எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பாரே, அவர் அந்த அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அடிப்பிடித்ததைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதிலேயே கழுவுகிறார். யாரும் சொல்லவில்லை. "காலையில் மறுபடி பொங்கணும் இல்ல, அப்ப ஊறப் போட நேரம் இருக்காதும்மா" என்றார். அந்த அக்கா என் கூட்டங்களுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை, நான் கூப்பிட்டதும் இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. போன மாதம் நேரில் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, வாடகை எவ்வளவு, மிஷின் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருக்காதா என்று இரண்டே கேள்வி கேட்டார்.

இப்போது நாங்கள் ஆறு பேர் உறுதியாக இருக்கிறோம். அக்கா, நான், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கிற ஒரு பெண், அவளுடைய அம்மா. பொன்னேரி பக்கம் நிலம் இருக்கிறது, உடனே அட்வான்ஸ் போடுங்கள் என்று ஒரு புரோக்கர் விடாமல் போன் செய்கிறார். நான் வேண்டாம் என்றுதான் நிற்கிறேன். நிலம் வாங்கிவிட்டு மனுஷரைத் தெரிந்துகொள்வது தலைகீழ் வேலை. அதோடு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிரிபடாத பாகம் என்று பத்திரம் போட்டால் நாளைக்கு நான் கண்ணை மூடியதும் என் பாகம் மகனுக்குப் போகும், அவன் இங்கே வந்து இருக்கப் போவதில்லை, யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், மற்ற ஐந்து பேரும் அந்தப் புது ஆளோடு இருந்தாக வேண்டும். அவன்மேல் தப்பு சொல்லவில்லை, ஏற்பாடு அப்படி. சங்கமாகப் பதிவு செய்து இடத்தைச் சங்கத்தின் பேரில் வைத்தால் அந்த நிலை வராது என்று வக்கீல் சொல்கிறார். தமிழ்நாட்டில் 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி அதற்கு ஏழு பேர் வேண்டும். எங்களுக்கு ஒருவர் குறைகிறார், யார் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் உடனே கையெழுத்துப் போடு என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் ட்வின் ஓக்ஸ் என்று 1967லிருந்து நடக்கிற ஒரு கூட்டுக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே சேர நினைப்பவர் முதலில் மூன்று வாரம் வந்து தங்கி, எல்லாரோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அவருக்கும் ஒத்துவருகிறதா என்று தெரியும், இருப்பவர்களுக்கும் தெரியும். அதைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். மெட்ரோ வந்த பிறகு இங்கே வாடகை ஏறிக்கொண்டேதான் போகிறது, இருந்தாலும் எங்கள் தெருவிலேயே ஒரு மூன்று மாடி வீடு மொத்தமாகக் காலியாகிறது. தையிலிருந்து ஒரு வருஷம் வாடகைக்கு எடுக்கிறோம். கீழே பொது அடுப்பு, மதியச் சாப்பாடு மட்டும் சேர்ந்து, காலையும் இரவும் அவரவர் பாடு. செலவு நோட்டு சமையலறை ஆணியிலேயே தொங்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். மீன் ஞாயிற்றுக்கிழமை, தனிச் சட்டியில், இதை எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். வருஷக் கடைசியில் ஒத்துவந்தால் பதிவு, இல்லையென்றால் மனஸ்தாபம் இல்லாமல் அவரவர் வழி.

நீ பொங்கல் முடிந்து மூன்று வாரத்துக்கு வா. விருந்தாளியாக வேண்டாம், உனக்கும் அடுப்பு முறை உண்டு, மாடி கூட்டுகிற முறை உண்டு. யாரையாவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் மறைக்காதே, என்னையே பிடிக்கவில்லை என்றாலும் சொல்லிவிடு, ஐம்பது வருஷப் பழக்கம் வேறு, ஒரே அடுப்பில் சமைப்பது வேறு. எக்மோரில் இறங்கி ஆட்டோ தேடாதே, மெட்ரோ பிடித்துத் தண்டையார்பேட்டையில் இறங்கு, நான் வாசலில் நிற்கிறேன். அப்புறம், உங்கள் அம்மாவின் அந்தப் பித்தளை அண்டா இன்னும் பரணில்தான் இருக்கிறதா? இருந்தால் ஈயம் பூசிவை. எங்களிடம் இருக்கிற அலுமினிய அண்டா அடியில் ஓட்டை விழுந்துவிட்டது.

உன்
மல்லிகா