பெயருக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நெடில்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கண்புரை அறுவை முடிந்த பிறகு கொஞ்ச நாள் எழுத்து வேலை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், மகன்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். இப்போது வலது கண் நன்றாகத் தெரிகிறது, இடது கண்ணுக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறோம். உனக்குப் பேரன் பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், தங்கச்சியை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கிர்குக்கில் துருக்மென் மக்கள் என்று செய்தியில் படித்தேன், துருக்மெனிஸ்தானிலிருந்து அவ்வளவு தூரம் ஈராக்குக்கு எப்போது குடிபெயர்ந்தார்கள், பிழைக்கப் போனவர்களா அகதிகளா என்று எழுதியிருந்தாய். இதே கேள்வியை நான் துபாயில் ஒருவரிடம் நேருக்கு நேர் கேட்டு, அவர் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டு வரியில் பதில் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேராவில் நான் கணக்கு எழுதிய கம்பளக் கடை உனக்கு நினைவிருக்கும். பின்பக்கம் பழைய கம்பளங்களுக்கு முடிச்சுப் போட்டுச் செப்பனிடும் பெரியவர் ஒருவர் இருந்தார், ஈரானில் காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே உள்ள கும்பத் இ காவூஸ் ஊர்க்காரர். பக்கத்தில் ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் கிர்குக்காரர். இருவரும் தங்களைத் துருக்மென் என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் கிர்குக்காரரிடம், உங்கள் முன்னோர் துருக்மெனிஸ்தானை விட்டு எப்போது வந்தார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். "அந்த நாட்டை நான் பார்த்ததில்லை, என் தாத்தாவின் தாத்தாவும் பார்த்ததில்லை, என் ஊர் கிர்குக்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் ஊரிலேயே சிலர் இந்தப் பெயரை வைத்துத்தான் எங்களை வந்தேறி என்கிறார்கள், நீயுமா என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவர்கள் இருவரிடமும் கேட்டும், கிடைத்ததையெல்லாம் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

துருக்மென் என்ற பெயர் துருக்மெனிஸ்தான் என்ற நாட்டைவிட மிகப் பழையது. அந்த நாடு எல்லை வரைந்து சோவியத் குடியரசாக ஆனது 1924-ல், தனி நாடானது 1991-ல். பெயரோ பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அரபுப் பயண நூலில் வந்துவிட்டது. மத்திய ஆசியாவில் சிர் தரியா ஆற்றங்கரையில் ஓகுஸ் என்ற துருக்கியக் குலங்கள் இருந்தன, அவர்களில் இஸ்லாத்தைத் தழுவியவர்களைத்தான் முதலில் துருக்மென் என்று அழைத்தார்கள். பெயருக்குப் பொருள் என்ன என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. மஹ்மூத் அல் காஷ்கரி 1070-களில் பாக்தாதில் இருந்துகொண்டு துருக்கிய மொழிகளுக்கு அகராதி எழுதினார், அவர் சொன்னது, பாரசீகத்தில் 'துர்க் மானந்த்', அதாவது துருக்கியரைப் போன்றவர். பின்னால் வந்தவர்கள் துர்க், ஈமான் இரண்டையும் சேர்த்து, நம்பிக்கை கொண்ட துருக்கியர் என்றார்கள். இன்றைய மொழி அறிஞர்கள் பலர் 'மென்' என்பது சொல்லை அழுத்திச் சொல்லும் விகுதி, ஆகவே அசல் துருக்கியர் என்று பொருள் என்கிறார்கள். எனக்கு இந்தக் கடைசி விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. ஒரு கூட்டம் தன்னைத்தானே 'போன்றவர்' என்று கூப்பிட்டுக்கொள்ளுமா சொல்.

அந்த ஓகுஸ் குலங்களில் ஒரு பகுதி செல்ஜூக் தலைவர்களோடு மேற்கே நகர்ந்தது. 1055-ல் அந்தத் தலைவர்களில் ஒருவரான துக்ரில் பேக் பாக்தாதுக்குள் நுழைந்தார். அப்புறம் கருப்பு ஆட்டார், வெள்ளை ஆட்டார் என்று பெயர் கொண்ட துருக்மென் அரசுகள் அங்கே ஆண்டன, 1534-ல் உஸ்மானியர், அதாவது ஒட்டோமான் துருக்கியர், பாக்தாதைப் பிடித்தார்கள். அலை அலையாக வந்து தங்கியவர்களின் வழிவந்தவர்களே ஈராக்கின் துருக்மென் மக்கள். கிழக்கே காராகும் பாலைவன ஓரத்தில் தங்கிவிட்டவர்களும், காலப்போக்கில் அவர்களோடு கலந்தவர்களும் சேர்ந்தது இன்றைய துருக்மெனிஸ்தான் மக்கள். ஆக ஒருவரிலிருந்து மற்றவர் வரவில்லை மாப்பிள்ளை, ஒரு வீட்டிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு முன் பிரிந்த பங்காளிகள். ஊர் வேறு, பேச்சு வேறு, பட்ட பாடும் வேறு, பெயர் மட்டும் இரண்டு பக்கமும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஈராக் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார். வடமேற்கில் தல் அஃபர், அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் எர்பில், அல்தூன் குப்ரி, கிர்குக், தூஸ் குர்மாத்து, கிஃப்ரி, மந்தலி. மணி கோர்த்த மாதிரி இந்த ஊர்களில் பெரும்பாலானவை பாக்தாதுக்கும் மோசூலுக்கும் நடுவே போன பழைய பாதையை ஒட்டியே இருக்கும். அல்தூன் குப்ரி என்றால் தங்கப் பாலம், அந்தப் பெயரே அவர்கள் மொழிதான். மோசூல் பகுதி துருக்கிக்கா ஈராக்குக்கா என்ற வழக்கு 1926-ல் அங்காரா ஒப்பந்தத்தில் முடிந்து ஈராக்குக்கே போனது. 1932-ல் ஈராக் சுதந்திரம் வாங்கும்போது உலக நாடுகள் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழியில் கிர்குக்கிலும் கிஃப்ரியிலும் அவர்கள் மொழிக்கு இடம் இருந்தது. அதுவரை துருக்கியர் என்றே பதிவான அவர்களை 1958 புரட்சிக்குப் பிறகு அரசு துருக்மென் என்று பதிவு செய்யத் தொடங்கியது, துருக்கியோடு உள்ள ஒட்டை அறுக்கவே அப்படிச் செய்தார்கள் என்று கிர்குக்காரர் சொல்வார். ஆனால் அதே பெயரைத்தான் இப்போது அவர்கள் மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள். 2005 அரசியல் சட்டத்தில், அவர்கள் செறிந்து வாழும் இடங்களில் துருக்மென் மொழியும் ஆட்சி மொழி என்று எழுதியாகிவிட்டது.

எழுதியது ஒரு பக்கம். 1959 ஜூலையில் கிர்குக்கிலும் 1991 மார்ச்சில் அல்தூன் குப்ரியிலும் அவர்களைக் கொன்று குவித்தார்கள். 2014-ல் தல் அஃபர் ஐஎஸ் கையில் விழுந்தது, ஆமெர்லி என்ற சின்ன துருக்மென் ஊரை ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை சுற்றி வளைத்து வைத்திருந்தார்கள். கிர்குக்காரரின் அத்தை மகள் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த இரண்டரை மாதமும் அவர் கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பார், மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் அங்கிருந்து ஒரு வரி வரும். பெரியவர் போய்ப் பேச்சில்லாமல் பக்கத்தில் உட்காருவார். முற்றுகை உடைந்த செய்தி வந்த அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை நான் மறக்க மாட்டேன்.

அவர்கள் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று நீ கேட்பாய், கட்டாயம் கேட்பாய். ஆளுக்கு அவரவர் மொழிதான், பாதி புரியும், மீதிக்கு உடைந்த அரபி. இரண்டுமே ஓகுஸ் கிளை. ஆனால் கிர்குக் பேச்சு அஜர்பைஜானி மொழிக்கும் துருக்கி மொழிக்கும் நடுவில் நிற்கிறது, எழுதும்போது இஸ்தான்புல் துருக்கியையே எழுதுகிறார்கள். பெரியவரின் மொழி காஸ்பியனுக்குக் கிழக்கே உள்ள துருக்மென் மொழி. கிர்குக்காரர் தண்ணீர் இருக்கிறதா என்பதற்கு 'சு வர் மி' என்பார், பெரியவர் 'சுவ் பார்மி' என்பார். அதிலும் பெரியவர் ச என்று சொல்லாமல் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துத் 'துவ்' என்பது போலச் சொல்வார், சலாம் அவர் வாயில் 'தலாம்' ஆகிவிடும். திக்குவாய் என்று நினைத்துவிடாதே, அந்த மொழியின் முறையே அது.

எனக்கு நிஜமாகவே ஆச்சரியம் தந்தது வேறு. அந்த மொழியில் நம்மைப் போலக் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். 'அத்' என்றால் குதிரை, 'ஆத்' என்றால் பெயர். 'ஒத்' புல், 'ஓத்' நெருப்பு. 'பர்' என்றால் போ, 'பார்' என்றால் உண்டு. பழைய துருக்கிய மொழியில் இருந்த இந்த நெடில்களைத் துருக்கியும் அஜர்பைஜானியும் தொலைத்துவிட்டன, துருக்மென் மொழி காப்பாற்றி வைத்திருக்கிறது. கிர்குக்காரர் பேச்சில் நெடில் இல்லை, அதற்கு அடையாளமாகப் பெயர் என்ற சொல்லின் கடைசி மெய் மட்டும் மெலிந்து ஒலிக்கும். ஆனால் துருக்மென் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது, குதிரையையும் பெயரையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நான் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் 'அத்', 'ஆத்' என்று எழுதிக் காட்டி, இதோ இந்தத் துணைக்கால்தான் வித்தியாசம் என்றேன். பெரியவர் அந்தத் துணைக்காலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எழுத்தின் கதை இன்னும் பெரிது. துருக்மெனிஸ்தானில் 1920-களின் கடைசி வரை அரபு எழுத்து, அப்புறம் லத்தீன், 1940-ல் ரஷ்ய எழுத்து, 1993-ல் மறுபடி லத்தீன். நீ வங்கியில் இருந்தவன், உனக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன், 1993-ல் முதலில் கொண்டுவந்த எழுத்து வரிசையில் டாலர், பவுண்டு, யென் குறிகளையே சில ஒலிகளுக்கு எழுத்தாக வைத்திருந்தார்கள், சீக்கிரமே மாற்றிவிட்டார்கள். ஈரானில் இருப்பவர்கள் இன்றும் அரபு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆகவே பெரியவருக்குத் துருக்மெனிஸ்தான் தலைநகர் அஷ்காபாத்தில் இருந்த சித்தப்பா வீட்டுக் கடிதம் வந்தால், அவர் மொழிதான், ஆனால் அவரால் வாசிக்க முடியாது. யாராவது உரக்கப் படித்தால் எல்லாம் புரியும்.

அந்தச் சித்தப்பா வீடு எப்படி அந்தப் பக்கம் போனது என்றால், போகவில்லை, கோடுதான் நடுவில் வந்தது. ரஷ்யப் படை 1881 ஜனவரியில் கோக் தெப்பே கோட்டையை உடைத்துத் தெக்கே குலத்தாரை ஆயிரக்கணக்கில் கொன்றது. அதே வருடம் ரஷ்யாவும் பாரசீகமும் எல்லை பேசி முடித்தன, கீழ்ப்பகுதியில் அத்ரெக் ஆறு எல்லையானது. யோமுத் குலத்தார் காலங்காலமாக ஆட்டு மந்தையோடு அந்த ஆற்றைக் கடந்து போய் வந்தவர்கள். ஒரே குலத்திலேயே மந்தையோடு அலைபவர்களுக்குச் சார்வா, ஊரில் தங்கிப் பயிர் செய்பவர்களுக்குச் சோமுர் என்று பெயர், ஒருவர் இன்னொருவராக மாறுவதும் உண்டு. எல்லையும் பிறகு அரசின் கெடுபிடியும் வந்து அந்த நடமாட்டம் நின்றது. துருக்மென் மக்கள் தங்கள் மாபெரும் கவிஞர் என்று கொண்டாடும் மக்தும்குலியின் கல்லறையும் ஈரான் பக்கம்தான், அக்தொக்காய் என்ற ஊரில். பெரியவருக்கு அவர் பாட்டுகள் மனப்பாடம், ஊசி கோர்த்துக்கொண்டே பாடுவார்.

இன்னும் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் வடக்கே அந்த்கோய், அக்சா பக்கம் எர்சாரி குலத்தார், அவர்களில் பலர் சோவியத் ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். ரஷ்யாவின் ஸ்தாவ்ரபோல் பகுதியில் துருக்மென் பெயரிலேயே ஒரு மாவட்டம் உண்டு. நம் நாட்டிலும் தடம் இருக்கிறது. 1518-ல் கோல்கொண்டா அரசை நிறுவிய சுல்தான் குலி ஹமதானிலிருந்து வந்த கருப்பு ஆட்டார் துருக்மென் வம்சம், அக்பரைச் சிறு வயதில் காத்து நாட்டை நடத்திய பைரம் கானும் அதே கூட்டத்து வழி.

கம்பளக் கடையில் எனக்கு உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்ந்த சிவப்பில் எண்கோண வடிவம் வரிசையாக வரும் கம்பளங்களை எங்கள் கடையில் 'புகாரா' என்று சீட்டு ஒட்டி விற்றோம், உலகம் முழுக்க அப்படித்தான். அவை தெக்கே, யோமுத், எர்சாரிப் பெண்கள் நெய்தவை. புகாரா சந்தையில் கைமாறியதால் சந்தையின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த எண்கோணத்துக்குக் 'குல்' என்று பெயர், குலத்துக்குக் குலம் வேறுபடும், துருக்மெனிஸ்தான் கொடியிலேயே ஐந்து குல் இருக்கிறது. பெரியவர் ஒவ்வொரு சீட்டையும் பார்த்துத் தலையை ஆட்டுவார். ஒரு நாள் முதலாளியிடம் கேட்டு, நாலைந்து கம்பளங்களுக்கு மட்டும் 'யோமுத்' என்று நானே சீட்டு எழுதி ஒட்டினேன். அன்று அவர் தன் பச்சைத் தேநீர்க் கெண்டி ஒன்றை எனக்கென்று தனியாக வைத்துக் கொடுத்தார், அவர்கள் வழக்கப்படி விருந்தாளிக்கு ஆளுக்கொரு கெண்டி.

பெரியவர் இப்போது ஊரோடு போய்விட்டார். கிர்குக்காரர் மாதம் ஒரு முறையாவது குரல் செய்தி அனுப்புகிறார். அவர்கள் ஊரில் ஹொய்ராத் என்று நாலடிப் பாட்டு உண்டு, ஒரே ஒலியுள்ள சொல் அடிக்கடி திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் பொருள் வேறாக இருக்கும், நம் மடக்கு அணி மாதிரி. போன வாரம் ஒன்று பாடி அனுப்பியிருக்கிறார், உனக்கும் அனுப்புகிறேன், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கேள். அவருக்குப் பதில் அனுப்பும்போது உன்னைப் பற்றியும் சொல்லப் போகிறேன், நீ கேட்ட கேள்வியை மட்டும் சொல்லப் போவதில்லை.

பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே நீ?

உன் மச்சான்