மாரி தொடங்க முதல் அந்த அலுமாரியளை ஒருக்காத் திறவுங்கோ

யாழ்ப்பாணத்துப் பிரதேச சபை நூலகங்களையும் சனசமூக நிலைய வாசிகசாலையளையும் பாக்கிற நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

1981ல பொது நூலகத்தில 97,000 அளவில புத்தகம் எரிஞ்சதை வருசா வருசம் கதைக்கிறம், கதைக்கத்தான் வேணும், ஆனா ஊர் வாசிகசாலையளில மிஞ்சிக் கிடக்கிற பழைய கோயில் மலர், பள்ளிக்கூட மலர், சஞ்சிகையளை ஐப்பசி கார்த்திகை மழையில பூஞ்சணம் தின்னுறதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

ஒரு இடத்தில பாத்தன், அலுமாரியை இறுக்கிப் பூட்டி உள்ளுக்கு நப்தலீன் உருண்டை போட்டிருக்கு. அது பூச்சிக்கு எண்டா ஓரளவு சரி, பங்கசுக்கு, அதுதான் இந்தப் பூஞ்சணத்துக்கு, பெரிசா ஒண்டும் செய்யாது, வாசிக்க வாற சனத்துக்குத்தான் தலையிடி. அஸ்பெர்ஜில்லஸ், பெனிசீலியம், கீற்றோமியம் மாதிரிப் பங்கசுகளுக்கு கடதாசியின்ர செலுலோசும் பைண்டிங் பசையும்தான் சாப்பாடு, காத்தில ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல போய் அப்பிடியே நிண்டா முளைக்கத் தொடங்கிடும்.

ஏட்டுச் சுவடிக்கு எங்கட பெரியாக்கள் வசம்பும் மஞ்சளும் வேம்பும் சும்மா பாவிக்கேல்லை. கறுவா எண்ணெயில சின்னமல்டிஹைட் எண்ட சேர்வை இருக்கு, கராம்பு எண்ணெயில இயூஜினோல் எண்ட சேர்வை இருக்கு, ரெண்டு எண்ணெயின்ர ஆவியும் பங்கசு வளர்றதை மறிக்குது எண்டு ஆய்வுகூடத்தில காட்டியிருக்கினம், கறுவாவும் கராம்பும் இந்த நாட்டில விளையிற சாமான். அதுக்காக எண்ணெயைத் தாளில பூசிப்போடாதேங்கோ, கறை பிறகு போகவே போகாது. பச்சை வேப்பிலையையும் புத்தகத்துக்கை செருகாதேங்கோ, இலையின்ர ஈரமே பங்கசுக்கு விருந்து, நிழலில நல்லாக் காயவிட்டுத் துணிப்பையில கட்டி இறாக்கை மூலையில வையுங்கோ. இயற்கைச் சாமான் எண்டா கெடுதியே இல்லை எண்டும் நினைக்கக்கூடாது, ஓமத்தில இருக்கிற தைமோல் எண்ட சேர்வையை ஒரு காலம் வெளிநாட்டு நூலகங்கள் புகை போடப் பாவிச்சவை, மையையும் வார்னிஷையும் பழுதாக்குது எண்டு பிறகு விட்டிட்டினம்.

அதால நான் கேக்கிறது இதுதான். பல்கலைக்கழகத்தில தாவரவியல் துறை இருக்கு, கைதடியில சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளையள் இருக்கினம், அவையைக் கூப்பிட்டு ஒரு அலுமாரியைக் குடுங்கோ, இந்த எண்ணெய் ஆவியையும் காய்ஞ்ச வேப்பிலையையும் முதல்ல கழிச்ச புத்தகங்களிலயும் பழைய பேப்பர் கட்டிலயும் வைச்சுப் பாக்கட்டும். அதுக்கும் முதல் கூரை ஒழுக்கை அடையுங்கோ, அலுமாரியைச் சுவரில முட்டாமல் தள்ளி வையுங்கோ, இது ரெண்டும் செய்யாட்டி கறுவா எண்ணெயைப் போத்தல் போத்தலா வாங்கினாலும் காசுதான் நட்டம். பூஞ்சணம் பிடிச்சதை உள்ளுக்கை வைச்சுத் தட்டவும் வேண்டாம், தூள் பறந்து நல்ல புத்தகத்திலயும் ஒட்டும், இழுப்புக்காரருக்கும் கூடாது.

எந்த ஊர் முதல்ல அலுமாரி தாறது எண்டு சொல்லுங்கோ. துடைக்கிறதுக்கு நாங்கள் நாலைஞ்சு பேர் வாறம், மாஸ்க்கும் பிரஷும் நாங்களே கொண்டு வாறம்.