தாமரையைத் தாண்டிப் பாருங்கள், டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

மிலானில் மகள் வீட்டுக்கு வரும்போது பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீங்கள் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம், பைசா கோபுரம். நல்ல பட்டியல்தான், யாராக இருந்தாலும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் எங்களுக்குத் தாவரவியல் நடத்திய நீங்கள் வட இத்தாலி வரைக்கும் வந்துவிட்டு மின்ச்சோ ஆற்றைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. அந்தப் பட்டியலில் ஒரு நாளை மட்டும் எனக்குக் கொடுங்கள். உங்களிடம் படித்த நிறைய பேர் இப்போது ஐரோப்பாவில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஊரின் பெயர் கிராட்சியே. மாந்தோவா நகரத்துக்கு மேற்கே எட்டு கிலோமீட்டர் இருக்கும். சில தெருக்கள், ஒரு பெரிய திடல், திடலின் ஓரத்தில் ஒரு மாதா கோயில், கோயிலுக்குப் பின்னால் சரிந்து இறங்கினால் படகுத்துறை, அவ்வளவுதான் ஊர். மின்ச்சோ ஆறு கார்தா ஏரியிலிருந்து கிளம்பி சுமார் 75 கிலோமீட்டர் ஓடி, போ என்கிற பெரிய நதியில் கலக்கிறது. வழியில் இந்தப் பகுதிக்கு வரும்போது தரை கிட்டத்தட்ட மட்டமாகிவிடுவதால் வேகம் குறைந்து, பல கால்களாகப் பிரிந்து, சதுப்பாகப் பரவிக்கிடக்கிறது. அதற்கு மேல் மனிதரும் கை வைத்திருக்கிறார்கள். 1190 வாக்கில் ஆல்பெர்த்தோ பித்தென்தீனோ என்ற பொறியாளர் ஆற்றை மறித்து மாந்தோவாவைச் சுற்றி ஏரிகளாகத் தேக்கினார். நகரத்துக்கு அது அகழியும் ஆயிற்று. அந்தத் தேக்கத்தின் வால்பக்கம்தான் கிராட்சியே. ஆக, இன்றைக்கு நாம் இயற்கைக் காப்பகம் என்று சொல்கிற இடத்தில் எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு அணையின் பங்கும் இருக்கிறது.

கோயிலை முதலில் பார்த்துவிடலாம், வெயில் ஏறினால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஆற்றில் போகிறவர்கள் கும்பிட்டுவந்த ஒரு சின்ன மாதா சந்நிதி இருந்த மேட்டில், கொள்ளைநோய் நீங்கினால் கோயில் கட்டுகிறேன் என்று மாந்தோவாவை ஆண்ட முதலாம் ஃபிரான்செஸ்கோ கொன்சாகா நேர்ந்துகொண்டு, 1399-இல் தொடங்கி 1406-இல் முடித்தது இது. உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். பொம்மை இல்லை டீச்சர், பதம் செய்த நிஜ முதலை. அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு முதலை, பாம்பு, டிராகன் எல்லாமே சாத்தானின் உருவங்கள், அதைக் கட்டித் தொங்கவிட்டால் தீமை அடங்கிவிட்டது என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் வேறு கதை சொல்கிறார்கள்: ஆற்றங்கரையில் படுத்திருந்த இரண்டு சகோதரர்கள்மேல் அது பாய்ந்ததாம், ஒருவர் மாதாவை வேண்டிக்கொண்டு கத்தியால் குத்தினாராம்.

என்னை அங்கேயே நிறுத்தியவை அந்தச் சுவர்கள். இரண்டு பக்கமும் மாடங்கள், மாடத்துக்கு ஒருவராக ஆளுயரச் சிலைகள். மாதாவின் அருளால் தூக்குக்கயிற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ பிழைத்ததாகச் சொல்லப்படுகிறவர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள். சில சிலைகள் போட்டிருந்த கவசங்கள் பொம்மைக் கவசம் என்றே வெகுகாலம் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள், இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்து பார்த்தபோதுதான் அவை பதினைந்தாம் நூற்றாண்டின் அசல் போர்க்கவசங்கள் என்று தெரிந்தது, இப்போது மாந்தோவா மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாடங்களைச் சுற்றிக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அலங்கார வேலை மாதிரித் தெரிவதெல்லாம் மெழுகில் வார்த்த கைகள், கண்கள், மார்பகங்கள், இதயங்கள், கொள்ளைநோயின் நெறிக்கட்டிகள். வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்ணும் காலும் வாங்கிச் செலுத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் துறைக்கு இறங்குவோம். நீங்கள் வருகிற ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே தாமரை பூத்திருக்கும். ஏதோ ஒரு மூலையில் நாலு பூ இல்லை, படகு போகிற வழியின் இரண்டு பக்கமும் இலை எழும்பி நின்று, அதற்கும் மேலே ரோஜா நிறத்தில் பூ. தட்டையான அடிப்பாகமுள்ள அந்த ஊர்ப் படகில் தாழ்வாக உட்கார்ந்திருப்போம், இலைகள் நம் தோளுக்கு வரும். படகுக்காரர் கூட்டத்துக்குள் கொஞ்சம் விட்டு மோட்டாரை நிறுத்தினார் என்றால் இலையின் அடிப்பக்கத்து நரம்பு, காம்பின் சொரசொரப்பு, பூ உதிர்ந்த காயின் தட்டில் குழிகுழியாக உட்கார்ந்திருக்கும் விதைகள் எல்லாம் கைக்கெட்டும்.

இந்தத் தாமரை அங்கே எப்படி வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கிற கதை. 1921-இல், மரியா பெல்லெக்ரெஃபி என்ற, இயற்கை அறிவியல் படித்த இளம்பெண் அதைக் கொண்டுவந்து மாந்தோவா ஏரியில் நட்டார். ஆசியாவில் கிழங்கைச் சாப்பிடுகிறார்கள், மாவாக்குகிறார்கள், இங்கேயும் அது உணவாகட்டும் என்பது அவர் எண்ணம். உணவாகவில்லை, ஆனால் செடிக்கு இடம் பிடித்துப்போயிற்று. இன்றைக்கு மாந்தோவா என்றால் கோடையில் தாமரை, படகுப் பயணத்தின் விளம்பரமே அதுதான்.

நான் உங்களிடம் கேட்பது அந்தத் தாமரையைத் தாண்டிப் பார்க்கச் சொல்லி. வருகிறவர்கள் பூவைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தாமரை இலை எழும்பி நிழல் போட்ட இடத்தில் தண்ணீருக்கடியில் வெளிச்சம் இல்லை, உள்ளே மூழ்கி வளரும் செடிகள் சாகின்றன, ஆக்சிஜன் குறைகிறது, இலையுதிர் காலத்தில் அத்தனை இலையும் அழுகி அடியில் படிந்து மேடு தட்டுகிறது. சுற்றி உள்ளது மக்காச்சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த சமவெளி என்பதால் தண்ணீரில் உரச்சத்துக்குக் குறைவே இல்லை, அது செடியை இன்னும் வளர்க்கிறது. அந்த ஊரின் சொந்தச் செடிகளான வெள்ளை அல்லியும், நம்மூரில் சிங்காரா என்று விற்கிறார்களே அதன் இனமான முள்கொட்டைச் செடியும் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அந்தக் கொட்டையை மாந்தோவாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தவர்கள். அதனால் கோடையில் தாமரையை இயந்திரப் படகு வைத்து வெட்டுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாம் சாமிக்கு வைக்கிற பூ அல்லவா. காரணம் தெரிந்த பிறகு, வெட்டுகிறவர்கள் பக்கம்தான் நான்.

அங்கே உண்மையான சொத்து நாணல், டீச்சர். பிராக்மைட்டிஸ், அதோடு கோரை வகைகள், கண்ணுக்கெட்டிய தூரம். ‘மின்ச்சோ பள்ளத்தாக்குகள்’ என்ற இந்தக் காப்பகம் ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று அதிகம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1984-இல் சேர்ந்தது. செந்நாரை வெள்ளைக் கொக்கைப்போல மரத்துக்குப் போகாமல் நாணலுக்குள்ளேயே தாழ்வாகக் கூடு கட்டுகிறது, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போய் வசந்தத்தில் திரும்புகிறது. சேற்றுப் பூனைப்பருந்து நாணல் நுனியைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து பறக்கும். சிறு மீன்கொத்தி நம் குளத்தங்கரையில் பார்க்கிற அதே இனம்தான், நீல மின்னல் ஒன்று போகும், திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இருக்காது.

இந்த நாணல் தானாக நிலைத்திருக்கிற காடு இல்லை. கிராட்சியேக்காரர்களும் பக்கத்து ஊரான ரிவால்த்தாக்காரர்களும் குளிர்காலம் தோறும் இதை அறுத்தார்கள். நாணலில் பாய் முடைந்து கூரைக்கு உள்தட்டியாகக் கட்டினார்கள், கோரையில் நாற்காலிக்கு இருக்கை பின்னினார்கள். பிளாஸ்டிக்கும் சிமெண்டும் வந்தபின் அந்த வேலை படுத்துவிட்டது. அறுக்காமல் விட்டால் காய்ந்த தண்டு மேல் தண்டு விழுந்து தரை உயர்கிறது, தண்ணீர் வற்றுகிறது, வில்லோ புதர் நுழைகிறது, சில பத்தாண்டுகளில் சதுப்பு காடாகிவிடும், செந்நாரைக்கு வீடு இருக்காது. ‘மனிதன் கை படாமல் விட்டால் இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும். அரிவாள் இருந்ததால்தான் இந்த இடம் இருந்தது. ரிவால்த்தாவில் ஆற்றுத் தொழில்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அறுக்கும் கருவிகள், மீன்பொறிகள், படகுகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. பரங்கிக்காய் பூரணம் வைத்த தோர்த்தெல்லி என்ற பாஸ்தாவில் இறைச்சி இல்லை, மாவில் முட்டை சேர்ப்பார்கள், அது பரவாயில்லை என்றால் நீங்கள் சாப்பிடலாம், கொஞ்சம் இனிக்கும். அண்ணன் வந்தால் அவருக்கு ஆற்று மீன் லூச்சோவைச் சாறு ஊற்றி, பொலெந்தா என்ற மக்காச்சோளக் களியோடு கொடுப்பார்கள்.

மிலானிலிருந்து மாந்தோவாவுக்கு நேர் ரயில் உண்டு, இரண்டு மணி நேரம் ஆகும், அங்கிருந்து பேருந்து. மாலைப் படகுதான் அழகு, ஆனால் கொசு பிய்த்துவிடும், முழுக்கைச் சட்டை கட்டாயம். ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவை ஒட்டி வந்தால் திடல் முழுக்கத் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் படம் போடுகிற ஓவியர்களைப் பார்க்கலாம், 1973-இலிருந்து போட்டியாகவே நடக்கிறது. கூட்டம் தாங்காது என்றால் அதற்கு முந்தைய வாரம் நல்லது.

உங்களிடம் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன். நூறு வருடம் ஒரு தண்ணீரில் வளர்ந்து, ஊர் தன்னுடையது என்று கொண்டாடுகிற ஒரு செடியை எவ்வளவு வரைக்கும் வெட்டலாம்? படகு வழிக்கு மட்டுமா, பாதியா, வேரோடா? வேரோடு எடுக்க வேண்டும் என்பவர்களும் ஒரு இலையைத் தொடக்கூடாது என்பவர்களும் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள், எனக்கு இன்னும் முடிவு இல்லை. படகிலிருந்து பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். தேதியை மட்டும் சீக்கிரம் எழுதிவிடுங்கள் டீச்சர், திருவிழா நெருங்கினால் அந்தப் பக்கம் தங்க அறை கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி